கோலார் ஆழத்தில் ஓர் ஆய்வு வாழ்க்கை: பி. வி. ஸ்ரீகண்டனும் நியூட்ரினோவும்

(மூக்கண்டப்பள்ளியில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

இங்கிருந்து பாகலூர் வழியாக எல்லையைக் கடந்து, மாலூர், பங்காருப்பேட்டை என்று போனால் கோலார் தங்கவயல் வந்துவிடும். 1965-ஆம் ஆண்டு அங்கே, தரைக்கு ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் கீழே, காற்றுமண்டலத்தில் பிறந்த நியூட்ரினோ என்னும் நுண்துகள் ஒன்றின் விளைவு கருவியில் பதிவாயிற்று. இயற்கை உண்டாக்கிய நியூட்ரினோவை மனிதர்கள் பிடித்த முதல் சில தருணங்களில் அதுவும் ஒன்று. இந்தச் செய்தியை நம் பத்திரிகைகள் அவ்வப்போது எழுதுகின்றன. எழுதும்போதெல்லாம் அது ஒரு தற்செயல் போலவே தோன்றிவிடுகிறது: ஆழமான சுரங்கம் ஒன்று இருந்தது, விஞ்ஞானிகள் இறங்கினார்கள், துகள் அகப்பட்டது. அந்த ஆய்வில் தொடக்கம் முதல் இருந்த இயற்பியலர் பி. வி. ஸ்ரீகண்டனின் ஆய்வுப் பதிவை ஆண்டு வரிசையில் வைத்துப் படித்தால் வேறு ஒரு கதை தெரியும். 1965-இன் வெற்றிக்குப் பின்னால் பதினான்கு ஆண்டு அளவீடு இருக்கிறது. ஒரே இடத்தில், ஒரே கேள்வியை விடாமல் கேட்டதன் பலன் அது. கோலாரில் நாம் பின்னாளில் இழந்ததும் அந்தத் தொடர்ச்சியைத்தான் என்பதே இன்று நான் நிறுவ விரும்புவது.

ஸ்ரீகண்டன் 1925-இல் மைசூருக்கு அருகே நஞ்சன்கூட்டில் பிறந்தவர். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் படித்துவிட்டு, 1948-இல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்ந்தார். நிறுவனம் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்தன. ஹோமி பாபா அதை நடத்திக்கொண்டிருந்தார். பாபாவின் சொந்தத் துறை காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து வரும் துகள்கள் காற்றுமண்டலத்தின் மேலடுக்கில் மோதிச் சிதறும்போது மியூவான் என்ற துகள்கள் பிறக்கின்றன. உள்ளங்கையைக் கிடையாக நீட்டினால் சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற அளவில் அவை நம்மை ஊடுருவிப் போய்க்கொண்டே இருக்கின்றன. எலக்ட்ரானைவிட இருநூறு மடங்கு கனமானவை; பாறைக்குள்ளும் வெகுதூரம் போகக்கூடியவை. எவ்வளவு தூரம்? ஆழம் கூடக் கூட அவற்றின் எண்ணிக்கை எப்படிக் குறைகிறது? இதை அளக்கத்தான் 1951-இல் ஸ்ரீகண்டன் கைகர் எண்ணிகளோடு கோலார் சுரங்கத்துக்கு அனுப்பப்பட்டார். பின்னர் எஸ். நாராணன், பி. வி. ரமணமூர்த்தி ஆகியோரும் இந்த வேலையில் சேர்ந்தார்கள். அப்போது யாரும் அங்கே நியூட்ரினோவைத் தேடவில்லை. நியூட்ரினோ என்ற ஒன்று உண்மையில் இருக்கிறது என்பதே 1956-இல்தான், அமெரிக்காவில் அணு உலை ஒன்றின் அருகே ரைன்ஸும் கோவனும் செய்த சோதனையில் உறுதிப்பட்டது. ஸ்ரீகண்டன் செய்தது எளிமையான, பொறுமை கேட்கும் வேலை: ஓர் ஆழத்தில் கருவியை வைப்பது, எண்ணுவது, இன்னும் கீழே இறங்குவது, மறுபடி எண்ணுவது. அதில் கண்டுபிடிப்பு என்று தலைப்பிடத்தக்க எதுவும் இல்லை. அதன் அருமை பத்தாண்டு கழித்துத்தான் தெரிந்தது.

1960-இல் சோவியத் நாட்டில் மார்க்கோவும், அமெரிக்காவில் கிரைசனும் தனித்தனியே ஒரு யோசனையை வைத்தார்கள். காற்றுமண்டலத்தில் மியூவான் பிறக்கும்போதே நியூட்ரினோவும் பிறக்கிறது. மியூவான் பாறையில் ஆற்றலை இழந்து நின்றுவிடும். நியூட்ரினோவோ பூமியையே ஊடுருவிப் போய்விடும். ஆனால் மிக அரிதாக ஒரு நியூட்ரினோ பாறையின் அணுக்கரு ஒன்றில் மோதி, ஒரு மியூவானை உண்டாக்கும். அந்த மியூவானைப் பிடித்தால் நியூட்ரினோவைப் பிடித்த மாதிரி. சிக்கல் என்னவென்றால், மேலிருந்து நேரே வரும் மியூவான்களின் கூட்டத்தில் இந்த ஒன்றை அடையாளம் காண முடியாது. தரைமட்டத்தில் அதைத் தேடுவது, காலை எட்டு மணிக்கு ஓசூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு ஒரு கைக்கடிகாரத்தின் முள் நகரும் ஓசையைக் கேட்க முயல்வதற்குச் சமம். ஓசை அடங்கும் இடத்துக்குப் போக வேண்டும். எவ்வளவு ஆழத்தில் அடங்கும் என்பதைக் கணக்குப் போட்டு மட்டும் சொல்லிவிட முடியாது. ஏனென்றால் பாறைக்குப் பாறை வேறுபடும். கோலாரின் பாறை கருமையானது, கனமானது. சாதாரணப் பாறையின் அடர்த்தி 2.65 என்றால் இது 3-ஐத் தொடும். இந்தப் பாறை மியூவானை எந்த ஆழத்தில் எவ்வளவு வடிகட்டுகிறது என்ற அட்டவணை அப்போது டாடா நிறுவனத்தாரிடம்தான் வளர்ந்துகொண்டிருந்தது. 1960-ஐ ஒட்டி ஒசாகா நகரப் பல்கலைக்கழகத்தின் சபூரோ மியாகேவும், வி. எஸ். நரசிம்மமும், ரமணமூர்த்தியும் அந்த அளவீட்டைச் சுரங்கத்தின் அடியாழம் வரை கொண்டுபோனார்கள். ஆகக் கீழே கருவி ஏறத்தாழ இரண்டு மாதம் ஓடியும் ஒரு துகள்கூடப் பதிவாகவில்லை.

அந்தச் சுழியத்தைத்தான் கோலார் ஆய்வின் திருப்புமுனையாக நான் கருதுகிறேன். வேறு எந்தச் சோதனையிலும் இரண்டு மாதம் எதுவும் பதிவாகவில்லை என்றால் கருவி பழுது என்றோ, பணம் வீண் என்றோ சொல்லியிருப்பார்கள். இங்கே மேலடுக்குகளில் பத்தாண்டாக எடுத்த எண்கள் கையில் இருந்தன. ஒவ்வோர் ஆழத்திலும் எண்ணிக்கை எந்த விகிதத்தில் குறைந்து வந்தது என்று தெரிந்திருந்ததால், இந்தச் சுழியம் நம்பத்தக்கது என்று அவர்களால் துணிந்து சொல்ல முடிந்தது. இனி இங்கே ஏதாவது பதிவானால், குறிப்பாகப் பக்கவாட்டிலிருந்து வந்தால், அது நியூட்ரினோவின் வேலைதான் என்று வாதிட இடம் கிடைத்தது. அறிவியலில் ஒன்றும் இல்லை என்பதை நிரூபிப்பதுதான் ஆகக் கடினம். அதை நிரூபித்துவிட்டுத்தான் அவர்கள் அடுத்த கருவியைச் செய்யத் தொடங்கினார்கள்.

அந்தக் கருவியின் அமைப்பைச் சற்று அருகில் போய்ப் பாருங்கள். வழக்கமான காஸ்மிக் கதிர்க் கருவி வானம் பார்த்துக் கிடையாகக் கிடக்கும். கோலாரில், துகள் பாய்ந்தால் ஒளி மினுக்கும் பிளாஸ்டிக் மினுக்கிகளைச் சுவர்போல நிறுத்தினார்கள். எதிரெதிரே இரண்டு சுவர்கள். நடுவே ஈயத் தகடுகளும், துகள் போன பாதையில் ஒளிரும் நியான் குழாய்களும். மேலிருந்து தப்பி வரும் மியூவான் செங்குத்தாக இறங்கும் என்பதால் இரண்டு சுவரையும் ஒருசேரத் தொடுவது அரிது. கிடைமட்டமாக வரும் துகள் ஒரு சுவரில் நுழைந்து மறுசுவரில் வெளியேறும். கிடைமட்டமாக வர வேண்டுமானால் பல கிலோமீட்டர் பாறையைத் தாண்டியிருக்க வேண்டும். எந்த மியூவானாலும் அது ஆகாது. எனவே அந்தத் துகள் அருகிலுள்ள பாறையிலேயே, ஒரு நியூட்ரினோ மோதியதால் பிறந்தது. டாடா நிறுவனத்தின் எம். ஜி. கே. மேனன், ஸ்ரீகண்டன், நரசிம்மம், ரமணமூர்த்தி, சி. வி. ஆச்சார், ஒசாகாவின் மியாகே, இங்கிலாந்தின் டர்ஹம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உல்ஃபெண்டேல் முதலியோர் இணைந்து எழுதிய கட்டுரை 1965 ஆகஸ்ட் 15 அன்று பிசிக்ஸ் லெட்டர்ஸ் இதழில் வெளியாயிற்று. அந்தத் தொடர் சோதனைகள் முழுவதிலும் கிடைத்த நியூட்ரினோ நிகழ்வுகள் இருபதை எட்டவில்லை. ஒவ்வொன்றுக்கும் மாதக்கணக்கில் காத்திருந்தார்கள்.

இங்கே இரண்டு மறுப்புகள் எழும். முதலாவது, முதலில் கண்டவர்கள் இவர்கள் இல்லையே என்பது. உண்மைதான். தென்னாப்பிரிக்காவில் ஜோகனஸ்பர்க் அருகே ஈஸ்ட் ராண்ட் சுரங்கத்தில் ரைன்ஸ் குழு 1965 பிப்ரவரி 23 அன்றே தங்கள் முதல் நிகழ்வைப் பதிவு செய்துவிட்டது. கோலார் நிகழ்வு சில வாரங்கள் பிந்தியது. ஆனால் கோலார் கட்டுரை முந்தி அச்சேறிற்று. ரைன்ஸின் கட்டுரை ஆகஸ்ட் 30 அன்று வந்தது. யார் முதல் என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. இரண்டு கண்டங்களில், இரண்டு தங்கச் சுரங்கங்களில், வெவ்வேறு வகைக் கருவிகள் ஒரே முடிவைச் சொன்னதால்தான் உலகம் அதை நம்பியது. இரண்டாவது மறுப்பு, மினுக்கியும் நியான் குழாயும் வெளிநாட்டார் அறிவு, நாம் சுரங்கத்தை மட்டும்தானே கொடுத்தோம் என்பது. இதை நான் முழுமையாக மறுக்கிறேன். ஜப்பானியரும் ஆங்கிலேயரும் கோலாரைத் தேடி வந்ததற்குக் காரணமே, அந்த ஆழத்தைப் பற்றிய நம்பகமான எண்கள் இங்கே இருந்ததுதான். அந்த எண்களை உண்டாக்கியவர்கள் ஸ்ரீகண்டனும் அவர் கூட்டாளிகளும்.

சுரங்கத்தைக் கொடுத்தோம் என்பதும் அப்படியொன்றும் சிறிய காரியம் அல்ல. 1880-களில் ஜான் டெய்லர் கம்பெனி தோண்டத் தொடங்கியதிலிருந்து, வட ஆற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள்தான் அந்த ஆழத்தை உண்டாக்கின. அவர்களில் பெரும்பாலோர் தலித் மக்கள். 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்ததால் பம்பையும், லிஃப்ட்டையும், காற்றுக் குழாயையும் இயக்குவது எளிதாயிற்று. அடியாழத்தில் பாறையே கடுமையாகச் சூடேறிக் கிடக்கும். காற்றைத் தள்ளிக்கொண்டே இருந்தால்தான் ஆள் நிற்க முடியும். அழுத்தம் தாளாமல் பாறை வெடித்துச் சிதறி உயிரிழந்தவர்கள் பலர். கூண்டை இறக்கியவர், மரத்தாங்கி கொடுத்தவர், ஈயத்தையும் இரும்பையும் கீழே கொண்டுபோனவர் பெயர்கள் எந்த ஆய்வுக் கட்டுரையிலும் ஆசிரியர் வரிசையில் இடம்பெறவில்லை. அறிவியல் கட்டுரை எழுதும் முறை அப்படி. பொதுமேடையில் பேசும் நமக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. அவர்களைச் சொல்லாமல் இந்த வரலாற்றைச் சொன்னால் அது பாதி வரலாறு.

1980-இல் கோலார் இன்னொரு பெரிய கேள்விக்குத் திரும்பியது: புரோட்டான் அழியுமா? அன்றைய துகள் கோட்பாடு ஒன்று, மிக நீண்ட காலத்தில் புரோட்டான் சிதைந்துவிடும் என்று சொன்னது. அதைத் தேடுவதற்கென்றே உலகில் முதன்முதலாக அமைந்த கருவிகளில் ஒன்று இங்கே நிறுவப்பட்டது. மொத்தம் 140 டன். இரும்புச் சதுரக் குழாய்கள் அடுக்கின்மேல் அடுக்காக, குறுக்கும் நெடுக்குமாக 34 அடுக்குகள். ஒவ்வொரு குழாயும் பத்து சென்டிமீட்டர்ச் சதுரம். நீளம் நான்கு முதல் ஆறு மீட்டர். நடுவில் முனைக்கு முனை இழுத்துக் கட்டிய மெல்லிய கம்பி. உள்ளே நிரப்பியது ஆர்கானும் மீத்தேனும் கலந்த வாயு. உங்கள் பட்டறைகளில் டிக் வெல்டிங்குக்கு சிலிண்டரில் வரும் அதே ஆர்கான்தான். கம்பி தளர்ந்தாலோ, வெல்டிங்கில் ஊசிமுனை அளவு லீக் இருந்தாலோ அந்தக் குழாய் குருடாகிவிடும். இப்படி ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட குழாய்களை இரண்டு கிலோமீட்டருக்கும் கீழே ஆண்டுக்கணக்கில் உயிரோடு வைத்திருந்தார்கள். சிப்காட் தொழிற்சாலைகளில் கேஜ் பிடித்து வேலை பார்க்கும் உங்களுக்கு அதன் கடினத்தை நான் விளக்க வேண்டியதில்லை. அப்போது ஸ்ரீகண்டன் டாடா நிறுவனத்தின் இயக்குநர். 1975 முதல் 1987 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார்.

சில நிகழ்வுகளைப் புரோட்டான் அழிவாக இருக்கலாம் என்று கோலார் குழு அறிவித்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் அமைந்த பெரிய கருவிகள் அதை உறுதிப்படுத்தவில்லை. இன்று புரோட்டானின் ஆயுள் குறைந்தது 10-இன் 34-ஆம் அடுக்கு ஆண்டுகள் என்று ஜப்பானின் சூப்பர் கமியோகாண்டே கருவி சொல்கிறது. கோலார் நிகழ்வுகள் காட்டியது அதைவிட ஆயிரம் மடங்கு குறைவான ஆயுள். ஆகவே, இந்த முயற்சி தோல்விதானே என்று கேட்பது நியாயம். முடிவு தவறிப்போனது என்பதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அதே தேடலுக்காக 1983-இல் ஜப்பானின் கமியோகாச் சுரங்கத்தில் கோஷிபா அமைத்த கருவியும் புரோட்டான் அழிவைக் காணவில்லை. அவர்கள் மூடிவிட்டுப் போகவில்லை. மூவாயிரம் டன் நீர்த்தொட்டியைச் செம்மைப்படுத்தினார்கள். 1987 பிப்ரவரியில் வெடித்த விண்மீன் ஒன்றின் நியூட்ரினோக்கள் பதினொன்று அதில் சிக்கின. அடுத்து ஐம்பதாயிரம் டன் தொட்டி கட்டினார்கள்; அதுதான் சூப்பர் கமியோகாண்டே. 1998-இல், கோலாரில் 1965-இல் பிடிபட்ட அதே காற்றுமண்டல நியூட்ரினோக்கள் வழியில் வகை மாறுகின்றன, ஆகவே அவற்றுக்கு நிறை உண்டு என்று அங்கே நிறுவப்பட்டது. கோஷிபாவுக்கு 2002-இலும், இந்த நிறை முடிவுக்காகக் கஜிதாவுக்கு 2015-இலும் நோபல் பரிசு வந்தது. கேள்வி நம்முடையதாகவும் இருந்தது, ஆழம் நம்மிடம் அதிகமாகவே இருந்தது. அளவில் வளரும் அடுத்த படியைத்தான் நாம் ஏறவில்லை.

ஸ்ரீகண்டனின் பதிவில் கோலாருக்கு வெளியேயும் கணிசமான பணி உண்டு. பலூன்களில் கருவி ஏற்றி விண்மீன்களின் எக்ஸ் கதிர்களை அளந்த ஆய்வை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களில் அவர் ஒருவர். ஆனாலும் என் வாதத்துக்கு முக்கியமானது ஊட்டி. 1950-களிலேயே அங்கே காஸ்மிக் கதிர் ஆய்வுக்கூடம் உருவாயிற்று. கோலாரில் ஓசை அடங்கும் வரை கீழே இறங்கினார்கள். ஊட்டியில் 2200 மீட்டர் உயரத்தில் அதே கதிர்களின் மழையில் நனைந்தபடி அதை அளந்தார்கள். அந்த மரபில் வந்த கிரேப்ஸ்-3 என்ற அமைப்பில் இன்று 3712 குழாய்கள் மியூவான்களை எண்ணிக்கொண்டிருக்கின்றன. ஆறு மீட்டர் நீளம், பத்து சென்டிமீட்டர்ச் சதுரம், உள்ளே கம்பி என்று கோலார்க் குழாயின் அதே வடிவம். 2014 டிசம்பர் 1 அன்று ஊட்டிக்கு மேல் வந்த இடிமேகம் ஒன்றில் மியூவான் எண்ணிக்கை எவ்வளவு குறைந்தது என்று பார்த்து, அந்த மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று கணக்கிட்டார்கள். 2019-இல் வெளியான இந்த முடிவு உலகம் முழுதும் பேசப்பட்டது. மூடப்படாத இடம் என்ன தரும் என்பதற்கு ஊட்டி சாட்சி. அதே ஆண்டு அக்டோபரில் ஸ்ரீகண்டன் பெங்களூரில் காலமானார்.

கோலார் ஆய்வுக்கூடம் 1992-இல் மூடப்பட்டது. தங்கச் சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்று நின்றது, நீரிறைப்பதும் நின்றது, 3.2 கிலோமீட்டர் ஆழமும் தண்ணீரில் மூழ்கியது. நட்டத்தில் ஓடிய சுரங்கத்தை ஆராய்ச்சிக்காக யார் நடத்துவது என்ற கேள்வி வலுவானது. நீர் இறைக்கவும் காற்றுத் தள்ளவும் ஆகும் செலவு ஓர் ஆய்வு நிறுவனத்தின் கையிருப்புக்குள் அடங்காது. ஆனால் இதற்கு விடை இருக்கிறது. அமெரிக்காவின் ஹோம்ஸ்டேக் தங்கச் சுரங்கத்தில்தான் ரேமண்ட் டேவிஸ் சூரியனின் நியூட்ரினோக்களை எண்ணினார். அதுவும் 2002-இல் மூடப்பட்டது. அதுவும் நீரில் மூழ்கியது. தெற்கு டகோடா மாநில அரசு அதை எடுத்துக்கொண்டு, நீரை இறைத்து, ஆய்வுக்கூடமாக மாற்றியது. முழு ஆழத்தையும் காப்பாற்ற வேண்டும் என்று அவர்கள் பிடிவாதம் பிடிக்கவில்லை. ஒன்றரைக் கிலோமீட்டர் மட்டத்தில் முதன்மைக் கூடங்களை அமைத்துக்கொண்டார்கள். இன்று உலகின் கூர்மையான கரும்பொருள் தேடல்களில் ஒன்று அங்கே நடக்கிறது. கோலாரிலும் அப்படி ஒரு மட்டத்தை மட்டும் காத்திருக்கலாம். ஆழம் என்பது நூறு ஆண்டு உழைப்பும் நூற்றுக்கணக்கான உயிர்களும் கொடுத்துச் சேர்த்த பொதுச் சொத்து. கம்பெனிக் கணக்கில் நட்டம் என்று எழுதி அதை நீருக்குக் கொடுத்தது பெரும் பிழை என்பதே என் தீர்ப்பு.

அந்தப் பிழைக்கு விலையாகத்தான் புதிதாக மலையைக் குடையும் தேவை வந்தது. நியூட்ரினோ ஆய்வகத்துக்கு முதலில் பார்த்த நீலகிரியின் சிங்காரா, புலிகள் காப்பகத்தை ஒட்டியது என்பதால் கைவிடப்பட்டது. பின்னர் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில், ஐம்பதாயிரம் டன் இரும்புக் கருவியோடு நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மக்கள் எதிர்த்தார்கள், தமிழக அரசும் 2022-இல் உச்ச நீதிமன்றத்தில் எதிர்ப்பைத் தெரிவித்தது. நியூட்ரினோவால் கதிர்வீச்சு வரும் என்ற அச்சத்துக்கு அடிப்படை இல்லை. நாம் பிறந்தது முதல் அவை நொடிக்குக் கோடானுகோடியாக நம் உடலைக் கடந்துகொண்டிருக்கின்றன, கருவி அவற்றை உண்டாக்குவதும் இல்லை. ஆனால் பாறையை வெடி வைத்துத் தகர்ப்பது, நீரோட்டம், மதிகெட்டான் சோலைக்காடு பற்றிய கேள்விகள் வேறு வகை. அவை மெய்யான கேள்விகள். எழுப்புகிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது அறிவியலுக்கே கேடு. ஏற்கெனவே தோண்டிய ஓர் ஆழத்தை வைத்திருந்தால் இந்த மோதலுக்கே இடம் குறைந்திருக்கும்.

ஆராய்ச்சிப் பதிவை எப்படி மதிப்பிடுவது என்று மாணவர்கள் கேட்பதுண்டு. பரிசுகளின் பட்டியலைப் பார்த்தால் ஸ்ரீகண்டனுக்கு 1988-இல் பத்மபூஷண் கிடைத்தது, நோபல் கிடைக்கவில்லை என்பதோடு பேச்சு முடிந்துவிடும். 1951-இன் எண்ணிக்கை 1960-இன் சுழியத்துக்கும், அந்தச் சுழியம் 1965-இன் தடத்துக்கும், அந்த அனுபவம் ஊட்டியின் குழாய்களுக்கும் எப்படி அடித்தளமாயிற்று என்று பார்ப்பதே சரியான மதிப்பீடு. கிருஷ்ணகிரி மாவட்டப் பள்ளிகளில் பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல் நடத்தும் ஆசிரியர்கள் பலர் இங்கே வந்திருக்கிறீர்கள். துகள் இயற்பியல் பேசும் நாளில் ஜெனீவாவின் துகள் ஆய்வுக்கூடத்துக்குப் போவதற்கு முன்னால் கோலாரைச் சொல்லுங்கள். 1965-ஆம் ஆண்டுக் கட்டுரையின் ஆசிரியர் பெயர்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். அவற்றுக்குக் கீழே, அந்த ஆழத்தைத் தோண்டிய நம் ஊர்க்காரர்களுக்கும் ஒரு வரி எழுதுங்கள்.